சிவப்பு மையில் எழுதிய அட்டை

பல் பிடுங்குவதற்குப் பெலன் தேவையில்லை. குறட்டால் பிடித்து மேலே இழுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் பல்லைக் கீழே, எலும்புக்குள் அமத்த வேண்டும். பிறகு கன்னப்பக்கம் கொஞ்சம், நாக்குப்பக்கம் கொஞ்சம். ஆறுதலாக அசைத்துக்கொண்டிருந்தால் குழி தானாக அகலும்; பல் தன்பாட்டில் கைக்கு வரும். அவசரப்பட்டால் வேர் முறியும், சிலவேளை தாடையே முறியும். பொறுமை உள்ளவருக்குத்தான் இந்த வேலை என்று பிரதாபன் டொக்டர் சொல்லுவார்.

எனக்குப் பொறுமை இருக்கிறது.

பொலிஸ் நிலையத்தில் கடமையில் இருந்த பொலிஸ்காரத் தங்கச்சி, "அம்மா, நீங்கள் சொல்லச் சொல்ல என்னால எழுத ஏலாது. நீங்களே வடிவா எழுதித் தாங்கோ" என்று தாளும் பேனையும் தந்தா. என் கையெழுத்து தெளிவானது. ஆகவே நானே எழுதுகிறேன்.

என் பெயர் விமலேஸ்வரி. வயது நாற்பத்தேழு. கலியாணம் செய்யவில்லை. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர். புதுக்குடியிருப்பில் பிரதாபன் டொக்டர் கிளினிக் திறந்த நாளிலிருந்து நான் அங்கே உதவியாளர். பன்னிரண்டு வருடம். அவர் நோயாளியின் வாயைப் பார்த்தபடி, தலையைத் திருப்பாமல், வலக்கையை விரித்து நீட்டுவார். உள்ளங்கை விரிகிற விதத்திலிருந்தே எனக்குத் தெரியும், குறடா, நெம்புகோலா, ஊசியா என்று. ஒரு சொல் கதைக்கத் தேவையில்லை. வேறு விதமாக யாரும் நினைக்க வேண்டாம். அவருக்குக் குடும்பம் இருக்கிறது. நான் அவரை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கைக்குச் சரியானதை வைக்கிறது நான். அவ்வளவுதான் எனக்கு இருந்தது.

போன வருடம் தை மாதம் அனோஜா வேலைக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. உடையார்கட்டுப் பக்கம். அவளுடைய ஆக்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எனக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. அவள் தேத்தண்ணி குடிக்கிற கோப்பையைத் தனியாக வைத்தது சுத்தம் கருதித்தான்.

வேலையை அவளுக்குப் பழக்கியது நான்தான் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஆயுதங்களை எப்படி அவிப்பது, ஊசியை எப்படி மூடுவது, நோயாளியின் அட்டையை எப்படி நிரப்புவது, எல்லாம் என்னிடம் கற்றாள். பெயர், விலாசம், வயது. பிறஷர் இருக்கோ, சலரோகம் இருக்கோ, இருதய வருத்தம் இருக்கோ. இரத்தத்தை இளக்குகிற குளிசை எடுக்கிறாரோ. கடைசிக் கேள்வி முக்கியம். அந்தக் குளிசை எடுக்கிறவரின் பல்லை முன்யோசனையில்லாமல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது. கறுப்பில் எழுதினால் கண்ணில் படாது என்று சொல்லி, அப்படியானவர்களுக்குச் சிவப்பு மையில் எழுதுவதை அனோஜாதான் தொடங்கினாள். டொக்டர் அதைப் பார்த்து, "பன்னிரண்டு வருசமா எங்களுக்கு உது தோன்றேல்லைப் பாத்தீரோ, விமலா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாசியிலிருந்து அட்டை எழுதுகிற வேலை அவளுடையதாயிற்று.

பங்குனியில் ஓர் ஆசிரியைக்கு மேல் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கினோம். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலே, கன்ன எலும்புக்குள் காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. சிலருக்கு வேர் அந்த அறையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பல் வரும்போது அறை திறந்துபோனால், பிறகு குடிக்கிற தண்ணி மூக்கால் வரும். டொக்டர் பல்லை எடுத்துவிட்டுக் கை கழுவத் திரும்பினார். அனோஜா ஆசிரியையின் வாய்க்குள் பார்த்து, "சேர், குழியில இரத்தத்துக்குள்ள சின்னச் சின்னக் குமிழி வருது" என்றாள். டொக்டர் ஓடிவந்து பார்த்தார். மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார். காற்று குழியால் வந்தது. உடனே பல்லைச் சுற்றியிருக்கிற முரசுச் சதையை இழுத்து மூடித் தைத்தார். தைத்து முடித்து, "கண் இருக்கு இந்தப் பிள்ளைக்கு" என்றார்.

அந்தக் குமிழிகளை நானும் பார்த்தேன். அவளுக்கு முதலே பார்த்தேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. நோயாளிகள் கதவடியில் நின்று, "அந்தச் சின்னப் பிள்ளை இல்லையோ?" என்று கேட்டார்கள். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றால் ஊசி வலிக்காதாம். டொக்டர் தன்னுடைய பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வேர் எது, நரம்பு போகிற பாதை எது என்று காட்டிக் கொடுத்தார். நான் அதே மேசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், "நீ இதோட நிக்கக்கூடாது, பிள்ளை. பல் சிகிச்சையாளர் படிப்புக்கு விண்ணப்பம் போடு. நான் கடிதம் தாறன்" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து அவர் படி என்று சொன்னதில்லை. நான் வந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. படித்திருக்கலாம். க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் செய்தவள் நான்; பரீட்சைக்கு முதல் இடம்பெயர்ந்துவிட்டோம். அவருக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆடியில் ஒருநாள் டொக்டர் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கை விரிந்தது. நான் நெம்புகோலை எடுத்துத் திரும்புவதற்குள் அனோஜா அந்தக் கையில் மெல்லிய வேர்க்குறட்டை வைத்துவிட்டாள். டொக்டர் தலையைத் திருப்பவில்லை. அவருக்கு வேண்டியது வேர்க்குறடுதான். நெம்புகோலைத் திரும்பத் தட்டில் வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

செல்வராசாவைப் பற்றி இப்போது எழுதலாம்.

அவர் உடையார்கட்டில் கச்சானும் நெல்லும் செய்கிறவர். வயது அறுபத்தொன்று. ஓகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை மனைவி வடிவம்மாவுடன் வந்தார். கீழ்த்தாடையில், இடப்பக்கம், கடைசி இரண்டு பல்லும் சூத்தை விழுந்து குழியாகி, இரவு பகல் நித்திரையில்லை. அன்றைக்கு டொக்டர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அனோஜா அட்டை எழுதினாள். அவளுக்கு அவர் ஊரவர். மாமா என்று கூப்பிட்டாள். நாலு வருடத்துக்கு முதல் இருதய வால்வு மாற்றிய ஆள், இரத்தத்தை இளக்குகிற வோபரின் குளிசையை நாள்தோறும் எடுக்கிறவர் என்று அவர் சொன்னார். அவள் சிவப்பில் எழுதி, இரண்டு கோடும் போட்டாள். இரத்தம் உறைகிற அளவைப் பரிசோதித்து, அந்தக் கடதாசியோடு வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

அவர்கள் போனபிறகு என்னிடம், "அக்கா, வியாழக்கிழமை நான் நிக்கமாட்டன். யாழ்ப்பாணத்தில எனக்குப் படிப்புக்கு நேர்முகம். செல்வராசா மாமான்ர விசயத்தை டொக்டரிட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அட்டையிலயும் கிடக்குது" என்றாள்.

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன். நீ போய் வடிவாக் கதைச்சிட்டு வா" என்றேன். நெற்றியில் திருநீறும் பூசிவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் எல்லோரும் போனபிறகு புது அட்டை ஒன்றை எடுத்தேன். அவளுக்கு எழுதப் பழக்கியவள் நான் என்பதால் அவளுடைய கையெழுத்து எனக்குச் சிரமமில்லை. அவள் 'ண'வை மற்றவர்களை விட அகலமாகப் போடுவாள். செல்வராசா, உடையார்கட்டு, அறுபத்தொன்று. பிறஷருக்குக் குளிசை. இருதய வருத்தம் இல்லை. இரத்தம் இளக்கும் மருந்து இல்லை. எல்லாம் கறுப்பில். பழைய அட்டையைக் கழிவோடு சேர்த்துப் பின்வளவில் எரித்தேன்.

என் நோக்கம் இதுதான்: ஆளுக்குக் கொஞ்சம் இரத்தம் கூட ஓடும். டொக்டர் விசாரிப்பார், குளிசை விசயம் வெளியே வரும், அட்டையைப் பார்ப்பார். பிள்ளைக்குக் கண் இருக்கு என்று சொன்னவருக்கு அவளுடைய கண் எப்படிப்பட்டது என்று விளங்கும். இரண்டு நாள் பஞ்சு வைத்து அமத்தினால் அந்த மனிசன் சுகப்பட்டுவிடுவார். இதில் யாருக்கும் பெரிய கெடுதல் இருக்கவில்லை.

வியாழக்கிழமை அவர்கள் பத்து மணி பஸ்ஸில் வந்தார்கள். வடிவம்மா சந்தையில் மரக்கறி வாங்கப் போனா. செல்வராசா சேட்டின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். நெஞ்சை வெட்டித் தைத்த அடையாளம் வெளியே தெரியவில்லை. பையிலிருந்து பரிசோதனைக் கடதாசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பிள்ளை கேட்டுச்சுங்க."

"தாங்கோ ஐயா, நான் டொக்டரிட்டக் குடுக்கிறன்."

அளவு நாலு தசம் ஆறு என்று இருந்தது. மூன்றரைக்கு மேல் போனால் டொக்டர் பல்லில் கைவைக்கமாட்டார், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். நான் கடதாசியை நாலாக மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். அதை இந்த வாக்குமூலத்தோடு சேர்த்துத் தருகிறேன். நான் சொல்வது உண்மை என்பதற்கு அது போதும்.

டொக்டர் அட்டையைப் பார்த்தார். அவரைக் குறைசொல்ல இடமில்லை. வாய் திறந்தும் கேட்டார். "ஐயா, வேற வருத்தம் ஏதும் இருக்கோ? குளிசை ஏதும் எடுக்கிறியளோ?"

"எல்லாம் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டேங்க. கடுதாசியையும் இவங்க கையில குடுத்துட்டேன்" என்று செல்வராசா என்னைக் காட்டினார்.

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறஷர்ச் சிட்டைதான், வேறொன்றுமில்லை என்று நான் இங்கிலிஷில் சொன்னேன். கிளினிக்கில் சில விசயங்களை நோயாளி விளங்காதபடிக்கு இங்கிலிஷில் சொல்வது வழக்கம். செல்வராசா எங்கள் இருவரையும் பார்த்துத் தலையாட்டினார். தன்னைப் பற்றி நாங்கள் கவனமாகக் கதைக்கிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டு பல்லும் எடுக்க முக்கால் மணித்தியாலம் சென்றது. கடைசிப் பல்லின் வேர் வளைந்திருந்தது. டொக்டர் முரசைக் கீறி, பல்லை இரண்டாகப் பிளந்து எடுத்தார். அந்த இடத்தில் நாக்குப் பக்கத்து எலும்பு ஓடு மாதிரி மெல்லியது. அன்றைக்குக் கை விரியும்போதெல்லாம் நான் சரியானதையே வைத்தேன். ஒருமுறையும் பிழைக்கவில்லை. பழைய நாட்கள் மாதிரி இருந்தது. நான் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் எழுதவேண்டும்.

"கொஞ்சம் கூட ஓடுது, விமலா" என்று டொக்டர் சொன்னார். இரண்டு தையல் போட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். "அரை மணித்தியாலம் இருத்தி வைச்சுப் பாத்துப்போட்டு விடும்."

அரை மணித்தியாலத்தில் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். ஊறிப்போயிருந்தது. புதுப் பஞ்சு வைத்தேன். உள்ளே போய், "நிண்டிட்டுது, சேர்" என்றேன். டொக்டர் அடுத்த நோயாளியின் வாயிலிருந்து தலையெடுக்காமல் "நல்லது" என்றார். வடிவம்மா வந்ததும் இருவரையும் இருத்திச் சொல்லவேண்டியதெல்லாம் சொன்னேன். துப்பக்கூடாது, இன்றைக்கு வாய் கொப்பளிக்கக்கூடாது, சுடுதேத்தண்ணி குடிக்கக்கூடாது, வெற்றிலை தொடவே கூடாது. வடிவம்மா என் கையைப் பிடித்து, "நல்லாயிருப்பீங்க மிஸ்" என்றா.

பின்னேரம் மூன்றரை மணிக்குக் கிளினிக் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"மிஸ், வடிவம்மா பேசுறேன். அவருக்கு நாக்கு மேல தூக்கிட்டு நிக்குது. நாக்குக்குக் கீழ கறுப்பா வீங்கியிருக்கு. பேச முடியலைங்க. எச்சி முழுங்க முடியல."

இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அந்த மெல்லிய எலும்புக்குப் பின்னால் இரத்தம் கசிந்து நாக்குக்குக் கீழே தேங்குகிறது. தேங்கத் தேங்க நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளும். மூச்சுப் போகிற வழி அடைபடும். அப்படி வந்தால் ஒரு நிமிசமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றவேண்டும், ஆளைப் படுக்கவிடவே கூடாது என்று டொக்டர் எக்ஸ்ரேப் படத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அனோஜாவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் நான் நிதானமாக யோசித்தேன். கடதாசியைச் செல்வராசா என் கையில் தந்தவர். அதை வடிவம்மா காணவில்லை. அவர் கதிரையில் சொன்னதையும் டொக்டர் பிறஷர்ச் சிட்டை என்றுதான் நினைத்திருக்கிறார். மனிசன் தப்பிவந்து வாய் திறந்து, தந்தது என்ன கடதாசி என்று சொன்னால், பிழை அனோஜாவுடையதாக இராது.

"அது விறைப்பு ஊசியின்ர வேலை, அம்மா. சிலருக்கு அப்பிடி இருக்கும். பயப்படாதைங்கோ" என்றேன். "ஆளைப் படுக்க விடுங்கோ. நித்திரை கொண்டாச் சரிவரும்."

"சரிங்க மிஸ்" என்று வைத்துவிட்டா.

"ஆர் விமலா?" என்று டொக்டர் உள்ளேயிருந்து கேட்டார்.

"நாளைக்குக் கிளினிக் இருக்கோ எண்டு கேக்கினம், சேர்."

செல்வராசா ஐந்து மணிக்கு முதல் இறந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். பெரிய வீதிக்கு வரமுன் மூச்சு நின்றுவிட்டதாம்.

அனோஜா நேர்முகத்தில் தெரிவாகி, அடுத்த நாள் தொதல் வாங்கிக்கொண்டு வந்தாள். கிளினிக் வாசலில் ஊர்ச்சனம் நின்றது. மரண விசாரணையில் அட்டையைக் காட்டினார்கள். "நான் சிவப்பில எழுதினனான். ரெண்டு கோடு போட்டனான்" என்று அழுதாள். அட்டையில் இருந்தது அவளுடைய எழுத்து. என்னிடம் சொல்லிவிட்டுப் போனதாகவும் பரிசோதனைக் கடதாசி கேட்டதாகவும் அவள் சொன்னாள்; என்னிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, செல்வராசா தந்தது பிறஷர்ச் சிட்டைதான் என்றேன். வடிவம்மா தொலைபேசியில் சொன்னதையும் சொன்னா. பல் பிடுங்கிய அன்று எல்லோரும் விறைப்பு என்றுதான் கேட்பார்கள், எனக்கு நோயாளியின் பெயரும் விளங்கவில்லை என்று நான் சொன்னேன். விசாரணை அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அனோஜாவைப் பற்றி என்னிடம் கேட்டபோது, "சின்னப் பிள்ளை ஐயா, நேர்முக யோசினையில மறந்திருப்பாள். அவளை ஏசாதைங்கோ" என்றேன். அந்தச் சொல்லுக்காகப் பலர் என்னை மெச்சினார்கள்.

பிரதாபன் டொக்டர் எழும்பி நின்று, "அட்டையை நம்பிக் கத்தி வைச்சது நான். பிழை என்ரதான். அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கோ" என்றார்.

தெரிவாகியிருந்தும், இது நடந்தபிறகு படிப்புக்கு அவளை எடுக்கவில்லை. ஊரில் அவளோடு யாரும் கதைப்பதில்லை. வடிவம்மாவின் வீட்டுக்கு மூன்றுதரம் போய்க் காலில் விழுந்தாளாம். இப்போது ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறாள். கிளினிக்கில் மறுபடியும் நானும் டொக்டரும்தான். ஆனால் அவர் பல் பிடுங்குவதை விட்டுவிட்டார். அடைக்கிறார், சுத்தம் செய்கிறார். பிடுங்க வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். கை நீட்டுவதில்லை, தேவையானதைத் தானே எடுத்துக்கொள்கிறார். எட்டு மாதமாக இப்படித்தான். நான் பொறுமையாக இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டொக்டர், "உடையார்கட்டுப் பக்கம் போறன், வாறீரோ?" என்று கேட்டார். முதல்தரமாக என்னைத் தன் காரில் ஏற்றினார். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அனோஜா வீட்டுக்குப் போகிறோம் என்று. மாதம் மாதம் போகிறார் என்று. அவள் மெலிந்திருந்தாள். எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு டொக்டரிடம் சொன்னாள்: "சேர், நான் சிவப்பில எழுதினதா நினைச்சிட்டன் போல கிடக்கு. எழுதேல்லைத்தான். இப்ப எனக்கு வடிவா ஞாபகம் வருது. நான்தான் மாமாவைக் கொன்றுபோட்டன்."

டொக்டரின் கண் கலங்கியது. எழும்பிப் போய் அவளுடைய தலையில் கைவைத்தார். அந்த வலக்கையை. "நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டன், பிள்ளை. உன்னைப்போல ஒருத்தியை நான் காணேல்லை. புத்தகங்களை எடு. திரும்பப் படிப்பம்" என்றார்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் அவளைப் பற்றியே கதைத்தார்.

மூன்று நாள் யோசித்துவிட்டு இங்கே வந்தேன். செல்வராசாவின் அட்டையை மாற்றியது நான். பரிசோதனைக் கடதாசியை ஒளித்தது நான். இரத்தம் நிற்காமலே நின்றுவிட்டது என்று சொன்னது நான். மூச்சு அடைபடப் போகிறது என்று தெரிந்தும், படுக்க விடச் சொன்னது நான். அவரைக் கொன்றது நான். அனோஜா ஒரு பிழையும் செய்யவில்லை, சிவப்பில்தான் எழுதினாள்.

தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரேயொரு வேண்டுகோள். இதன் பிரதி ஒன்றைப் பிரதாபன் டொக்டரிடம் கொடுத்து, கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நியாயமான மனிதர். ஆள் மாறி அவர் கொடுத்துவிட்ட அந்த மன்னிப்பு எனக்குச் சேரவேண்டியது. வாசித்தால், அதை அவளிடமிருந்து எடுத்து எனக்குத் தருவார்.